கூச்சம் வேண்டாம், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்



சென்ற மாதம் நம் இதழின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "முப்பது வருஷத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் நீங்கள். சர்க்கரை நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்களேன்" என்று கேட்டார். சர்க்கரையைப் பற்றி எழுத நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் பால்வினை நோய்ப் பரிசோதனையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "குடும்பங்கள் படிக்கிற இதழ் அண்ணாச்சி" என்றார். "அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன்" என்றேன். அரை மனதோடு சம்மதித்தார். அவருடைய அரை மனதை முழு மனதாக்குவது என் பொறுப்பு.

நான் மும்பைக்கு வந்தது 1979இல். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து 2012இல் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் எத்தனை ஆயிரம் பேருடைய ரத்தத்தைச் சோதித்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அவ்வளவு அனுபவம் இருந்தும், ஒரு தமிழர் என்னிடம் உதவி கேட்டு வந்தபோது நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்குவது நேர்மையாகாது.

1988 என்று நினைவு. அப்போது நாங்கள் ஒரு சாலில் குடியிருந்தோம். இரண்டு அறை தள்ளிக் குடியிருந்த ஒருவர், நம் மாவட்டத்துக்காரர், ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க ஆஸ்பத்திரியில அந்த மாதிரி ரத்தம் பார்ப்பாங்களாமே?" என்று கேட்டார். எந்த மாதிரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானோ இளவயதுக்காரன், பெரிய நியாயஸ்தன் என்று நினைப்பு. "ஊர்ல பெண்டாட்டியை வச்சுக்கிட்டு உமக்கு எதுக்குவே இந்த வேலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்தார். "சும்மா கேட்டேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மறு வருஷம் அவர் மனைவி ஊரிலிருந்து வந்தார். கருவுற்றார். எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. அந்த அம்மாவின் ரத்தம் நான் வேலை பார்த்த கூடத்துக்கே வந்தது. சோதித்தது நான்தான். சிபிலிஸ். முந்திய வருஷம் கணவருக்குப் போட்டிருக்க வேண்டிய ஊசி, அல்லது கர்ப்பத்தின் தொடக்கத்திலாவது மனைவிக்குப் போட்டிருக்க வேண்டிய ஊசி, அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கும். இருவருக்கும் பிறகு சிகிச்சை நடந்தது. பின்னால் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் மாடிப்படியில் நான் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வெளியூரான் நோய்

இந்த நோய்களுக்கு நம் மொழியில் பழைய பெயர்கள் உண்டு. சிபிலிஸை மேகநோய் என்றும் பறங்கிப் புண் என்றும், கொனோரியாவை வெட்டை என்றும் நம் பெரியவர்கள் சொன்னார்கள். பறங்கியர் வந்த பிறகு பரவியது என்பதால் பறங்கிப் புண். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்ற வடமொழி வைத்திய நூலிலும் பிரங்க ரோகம் என்றே பெயர். ஐரோப்பாவில் இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ஒவ்வொரு ஊராரும் பக்கத்து ஊரான் தலையில் பழியைப் போட்டார்கள்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இந்தப் பழி புதிதல்ல. வந்த இடத்திலும் "வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டு வருகிறார்கள்" என்பார்கள். ஊருக்குத் திரும்பினாலும் "பம்பாயிலிருந்து என்ன கொண்டு வந்தானோ" என்பார்கள். இப்படிப் பேச்சு இருப்பதால்தான் நம் ஆட்கள் வாயைத் திறக்கப் பயப்படுகிறார்கள். கிருமிக்குச் சாதியும் கிடையாது, மாநிலமும் கிடையாது. உலகில் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களிடையே, குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் மட்டும் ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் புதிதாக ஏற்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பேருமா ஒழுக்கம் கெட்டவர்கள்? அவர்களில், கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவிமார்களும் இருக்கிறார்கள்.

பரவலாகக் காணப்படும் பால்வினைத் தொற்றுகள் எட்டு. அவற்றில் சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனாஸ் ஆகிய நான்கும் மருந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியவை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெர்பிஸ், எச்.பி.வி. ஆகிய நான்கும் வைரஸ் தொற்றுகள். இவற்றில் எச்.ஐ.வி.யையும் ஹெபடைடிஸ் பியையும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். ஹெர்பிஸ் வந்து வந்து போகும், வேதனையை மருந்து குறைக்கும். ஹெபடைடிஸ் பிக்கும் எச்.பி.வி.க்கும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இருக்கிறது.

இவற்றில் பெரிய ஆபத்து என்னவென்றால், பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சிபிலிஸில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்து போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். "சாமி புண்ணியத்தில் சரியாகிவிட்டது" என்று ஆள் நிம்மதியாகிவிடுவார். கிருமியோ ரத்தத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பல வருஷங்கள் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கும். கிளமிடியா பெண்களுக்கு ஓசையில்லாமல் வந்து கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். பிள்ளை இல்லை என்று அந்தப் பெண்ணை எத்தனை கோயிலுக்கு அழைத்துப் போவோம், எத்தனை பேச்சுப் பேசுவோம்! கணவருக்கும் மனைவிக்கும் ஒரு பரிசோதனை செய்ய மட்டும் நமக்குத் தோன்றாது.

பொங்கல் விழாவில் வந்த தம்பி

2023ஆம் ஆண்டு நம் பொங்கல் விழாவில் ஒரு இளைஞர் என்னைத் தேடி வந்தார். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. வயது 27. அவருடைய அனுமதியோடும், அடையாளங்களை மாற்றியும்தான் இதை எழுதுகிறேன். எல்லாரும் பந்திக்குப் போன பிறகு, "அண்ணாச்சி, ஒங்ககிட்டத் தனியா ஒரு விஷயம் பேசணும்" என்றார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

புரட்டாசியில் கூட்டாளிகளோடு ஒரு இடத்துக்குப் போயிருக்கிறார். மூன்று வாரம் கழித்து ஒரு புண் வந்திருக்கிறது. ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, "குப்த ரோகம் கியாரண்டியாகக் குணமாகும்" என்ற ஒரு ஆளிடம் போயிருக்கிறார். அந்த ஆள் ரத்தமும் எடுக்கவில்லை, புண்ணைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. ஏதோ லேகியத்தையும் மாத்திரையையும் கொடுத்து மூன்று தவணையில் 11,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். புண் ஆறிவிட்டது. தானே ஆறும் புண் என்று சற்று முன்பு சொன்னேனே, அதுதான். ஆறியது மருந்தால் என்று இவர் நம்பிவிட்டார். மார்கழியில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள் வந்தன. பட்டறைப் பசையால் வந்த ஒவ்வாமை என்று நினைத்திருக்கிறார். வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில்தான் பயம் பிடித்துக்கொண்டது.

"நம்ம தமிழ் டாக்டர் ஒருத்தர் இருக்காரே, அவர்ட்ட ஏன் போகலை?" என்று கேட்டேன். "அவர் எங்க சித்தப்பாவுக்கும் டாக்டர், அண்ணாச்சி" என்றார். அரசு மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை என்றதற்கு, "என்னன்னு சொல்லிக் கேக்குறது?" என்றார். இரண்டும் நியாயமான பதில்கள்தான். வேலைக்கும் பேரத்துக்கும் போதுமான இந்தி அவரிடம் இருக்கிறது. இதைச் சொல்ல அந்த இந்தி போதாது. நானே கூட வருகிறேன் என்றேன்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குச் 'சுரக்ஷா கிளினிக்' என்று பெயர் வைத்தது. சில இடங்களில் தோல் நோய்ப் பிரிவோடு சேர்ந்திருக்கும், சில இடங்களில் மகப்பேறு பிரிவோடு சேர்ந்திருக்கும். பலகை கண்ணில் படாவிட்டால், கேஸ் பேப்பர் கொடுக்கும் சன்னலில் "ஸ்கின்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வரிசையில் பின்னால் நிற்பவருக்குச் சொறி சிரங்கு என்றுதான் தோன்றும்.

நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போனோம். கேஸ் பேப்பருக்குச் சிறு தொகைதான் செலவு. முதலில் ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நடுத்தர வயது அம்மா, மராத்திக்காரர். கதவைச் சாத்திக்கொண்டு, நான் உடன் இருக்கலாமா என்று தம்பியிடம் கேட்டார். அவர் தலையாட்டிய பிறகே என்னை உட்காரச் சொன்னார். உங்களோடு யார் வந்தாலும் சரி, வெளியே இருக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அது அப்பாவாக இருந்தாலும், மாமாவாக இருந்தாலும்.

கேள்விகள் நேராக இருந்தன. கடைசியாக உறவு எப்போது, ஆணுடனா பெண்ணுடனா, ஆணுறை இருந்ததா, எந்த விதமான உறவு, முன்பு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா, பென்சிலின் ஒவ்வாமை உண்டா? மொழிபெயர்க்கும்போது எனக்குத்தான் வேர்த்தது. அந்த அம்மா கீரை விலை கேட்பதுபோலக் கேட்டார். ஒரு இடத்திலும் "ஏன் போனாய்" என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் எந்த மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது பதிலைப் பொறுத்தது. ஆகவே இங்கே பொய் சொன்னால் ஏமாறுவது நாம்தான்.

பிறகு மருத்துவர் திரைக்குப் பின்னால் உடம்பைப் பார்த்தார். இரண்டு நிமிஷம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அந்த ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள்?

இது என் தொழில். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிபிலிஸுக்கு முதலில் செய்வது வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற சோதனை. இது கிருமியை நேராகத் தேடுவதில்லை. கிருமியால் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. வி.டி.ஆர்.எல். செய்யும்போது ரத்தத்தின் தெளிந்த நீரை 56 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைப்போம். பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, மாட்டின் இதயத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு கொழுப்புப் பொருள் கலந்த கரைசலைச் சேர்த்து, 4 நிமிஷம் சுழல விட்டு நுண்நோக்கியில் பார்ப்போம். தயிர் திரிந்ததுபோலத் திரிதிரியாகச் சேர்ந்திருந்தால் 'ரியாக்டிவ்'. சமமாகக் கலங்கியிருந்தால் இல்லை.

ரியாக்டிவ் என்று வந்தால் ரத்த நீரை 2 மடங்கு, 4 மடங்கு, 8 மடங்கு என்று நீர்க்க வைத்து மறுபடி பார்ப்போம். எத்தனை மடங்கு நீர்த்தும் திரிகிறதோ, அதுவே அளவு. 1:32 என்று எழுதியிருந்தால் 32 மடங்கு நீர்த்தும் திரிந்தது என்று பொருள்.

வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்றாலே சிபிலிஸ் என்று முடிவு கட்டக் கூடாது. மலேரியா, தொழுநோய், மூட்டையும் தோலையும் தாக்கும் லூபஸ், சில சமயம் கர்ப்பம், முதுமை ஆகியவற்றாலும் குறைந்த அளவில் ரியாக்டிவ் வரலாம். டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது சோதனையால் உறுதி செய்ய வேண்டும். அரைகுறையாக ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வீட்டில் சண்டை மூட்டிய கதைகள் எனக்குத் தெரியும். டி.பி.எச்.ஏ.க்கும் ஒரு குணம் உண்டு. நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அது பாசிட்டிவாகவே இருக்கும். ஆகவே குணமானதைப் பார்க்க வி.டி.ஆர்.எல். அளவு குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி.க்கு விரைவுச் சோதனை இருக்கிறது. முடிவு அன்றைக்கே தெரியும். முதல் சோதனையில் இல்லை என்றால் இல்லை. இருப்பதாகக் காட்டினால் வெவ்வேறு வகையான சோதனைகளைச் செய்து, மூன்றிலும் உறுதியான பிறகே பாசிட்டிவ் என்று சொல்வார்கள். சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் பேசுவார்.

கொனோரியாவுக்குக் கசிவை ஒரு பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்போம். வெள்ளணுக்களுக்குள் காப்பிக்கொட்டை ஜோடிபோலக் கிருமிகள் உட்கார்ந்திருக்கும். கிளமிடியாவைச் சிறுநீரிலிருந்தே கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை தனியார் கூடங்களில் கிடைக்கிறது. அதற்குச் சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மறுபடி கழிக்கும்போது முதலில் வரும் பகுதியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பியை ரத்தத்தில் பார்க்கலாம்.

நேற்று நடந்ததற்கு இன்று சோதித்தால் ஒன்றும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கொனோரியா, கிளமிடியா தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல 3 மாதம் ஆக வேண்டும். முதல் சோதனையில் இல்லை என்றாலும், 3 மாதம் முடிந்த பிறகு ஒரு முறை பாருங்கள். ஆனால் எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று இன்றைக்கே பயம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் தொற்று பிடிக்காமல் தடுக்க 28 நாள் மாத்திரை கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

ரிப்போர்ட் வந்த நாள்

தம்பிக்கு எச்.ஐ.வி. இல்லை. நான்கு மாதம் ஆகிவிட்டதால் அந்த முடிவை நம்பலாம் என்றார் ஆலோசகர். வி.டி.ஆர்.எல். 1:32. டி.பி.எச்.ஏ.யும் பாசிட்டிவ். சிபிலிஸ் உறுதி.

சிகிச்சை, 24 லட்சம் யூனிட் பென்சதின் பென்சிலின் ஊசி. தொற்றி ஒரு வருஷத்துக்குள் என்பதால் ஒரே தவணை போதும் என்றார்கள். காலம் கடந்திருந்தால் வாரம் ஒன்றாக மூன்று தவணை. பென்சிலின் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் சிறிதளவு போட்டுப் பார்த்துவிட்டு, இரு பக்கப் பிட்டத்திலும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். நல்ல வலி. அன்றிரவு காய்ச்சல் வரக்கூடும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பினார்கள். வந்தது, மறுநாள் விட்டுவிட்டது. லேகியக்காரர் 11,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்யாததை இங்கே செலவில்லாமல் செய்து முடித்தார்கள்.

புண், வெள்ளைப்படுதல், கசிவு என்று அறிகுறியோடு வருபவர்களை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவும் வைப்பதில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் அறிகுறிக்கு ஏற்ற மருந்துகளை ஏழு நிறப் பொட்டலங்களாகப் பிரித்து வைத்து, வந்த அன்றைக்கே கொடுத்து அனுப்பினார்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவதுதான் கெடுதல். கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காமல் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

திரும்பி வரும்போது சயான் நிலையத்துப் படிக்கட்டில் தம்பி நின்றுவிட்டார். "அண்ணாச்சி, பொண்ணு வீட்டுக்குச் சொல்லணுமா?" என்றார். இதே கேள்வியை ஆலோசகரிடமும் கேட்டிருந்தார். "நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். அளவு குறைந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம். அவளிடம் சொல்வது நீ எடுக்க வேண்டிய முடிவு" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நானும் முடிவை அவரிடமே விட்டேன். 1988இல் நடந்ததை மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடம் அவரே தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அழைத்து, "அடுத்த ரத்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டுங்க. அதுக்கப்புறம் தேதி வைக்கலாம்" என்றாளாம். பெரியவர்களிடம் பட்டறையில் விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்கள். சித்திரையில் எடுத்த ரத்தத்தில் 1:8. ஆடியில் 1:4. அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தாலே மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஆவணியில் திருநெல்வேலியில் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது.

ரகசியம் காக்கப்படுமா?

எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, நம் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. வேலைக்கோ படிப்புக்கோ சிகிச்சைக்கோ அந்தச் சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. முடிவைப் பிறரிடம் வெளியிடக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான கூட்டு மருந்து 2004 ஏப்ரல் முதல் அரசு மையங்களில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உறவின் மூலம் துணைவருக்குப் பரவுவதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். நம் நாட்டில் இந்த நோய் இருக்காது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. சோதித்துப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது. டாக்டர் சுனிதி சென்னையில் குடியேறிய மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். மும்பையில் ஒரு மராத்திய அம்மா நம் தம்பிக்கு வழிகாட்டியபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

யார் போக வேண்டும்?

அறிகுறி உள்ளவர்கள் உடனே போக வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும், ஆணுறை இல்லாமல் புதிய ஒருவருடன் உறவு கொண்டவர்கள், துணைவருக்குத் தொற்று இருப்பதாகத் தெரிந்தவர்கள், மாதக்கணக்கில் பிரிந்து வாழ்ந்து சந்தேகம் உள்ள தம்பதியர் போகலாம். கர்ப்பிணிகள் எல்லாரும் முதல் மூன்று மாதத்துக்குள் சிபிலிஸ், எச்.ஐ.வி. சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழாம் மாதம்வரை தள்ளாதீர்கள். சிபிலிஸ் இருந்தால் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாகவாவது தாய்க்குப் பென்சிலின் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் துணைவருக்கும் சோதனை, சிகிச்சை இரண்டும் அவசியம். இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097 என்ற இலவச எண்ணை அழைத்துப் பேசுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையோ, உங்கள் வீட்டில் தங்கி வேலை தேடும் உறவுக்காரப் பையனோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இதைப் பற்றிக் கேட்டால் காரணம் கேட்காதீர்கள். கிண்டல் செய்யாதீர்கள். அவர்கள் உங்களிடம் ஒரு முறைதான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 5 மணி முதல் 7 மணிவரை நம் சங்க நூலகத்தில் இருப்பேன். மொழி தெரியாமல் தயங்குபவர்கள் யாராக இருந்தாலும் வரலாம். பெண்களுடன் போக என் மனைவி தயாராக இருக்கிறாள். பெயர் கேட்க மாட்டோம். எந்த ஊர் என்றும் கேட்க மாட்டோம். செவ்வாய்க்கிழமை காலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதை மட்டும் கேட்போம்.